பாக்ஸருக்கு அடியில் நான்கு குழாய்கள்

குனிந்து வாருங்கள், ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படித் தொழிற்பேட்டைக் கடைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. பகலில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் எந்தக் கடையில் விளக்கு எரிகிறதோ அங்கேதான் விஷயம். இன்றைக்கு இந்தக் கடையின் ஹாய்ஸ்ட்டில் ஒரு டொயோட்டா 86 ஏறி நிற்கிறது. அதன் வயிற்றைக் காட்டத்தான் உங்களைக் கூட்டி வந்தேன்!

கீழ்க் கவரைக் கழற்றி ஓரமாகச் சாத்திவிட்டார்கள். நிமிர்ந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் எக்ஸாஸ்ட் குழாய்கள் எஞ்சினின் முன்பக்கமோ பின்பக்கமோ ஒட்டிக் கிடக்கும். இதில் எஞ்சினுக்கு நேர் கீழே மல்லாந்து படுத்திருக்கின்றன. இது பாக்ஸர் எஞ்சின். நான்கு பிஸ்டனும் படுக்கைவாட்டில், வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு. புகை வெளியேறும் துளைகள் தரையைப் பார்க்கின்றன. அந்த நான்கு துளைகளிலும் தொடங்கி, எண்ணெய்த் தொட்டியைச் சுற்றி வளைந்து, ஒன்றாகச் சேர்கிற குழாய்த் தொகுதிதான் ஹெட்டர். மலேசியாவில் எந்தக் கடையில் கேட்டாலும் எக்ஸ்ட்ராக்டர் என்பார்கள். கம்பெனி போட்டுத் தந்த எக்ஸ்ட்ராக்டரை இன்று கழற்றப் போகிறார்கள். புதியது மேசைமேல் பழைய துண்டு போர்த்திக் கிடக்கிறது. அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் இந்தக் கார் ஏன் இங்கே வந்தது என்று தெரிய வேண்டும்.

எஞ்சினின் திறனை அளக்கும் டைனோ அறைக் கதவில் ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் பாருங்கள். போன வாரம் இதே காரை உருளைமேல் ஏற்றி ஓட்டி எடுத்தது. கிடைக்கோட்டில் ஆர்பிஎம், செங்குத்தில் டார்க். கோடு அழகாக ஏறுகிறது, மூவாயிரத்தைத் தாண்டுகிறது, பிறகு திடீரென்று சரிகிறது. 3,500க்கும் 4,500க்கும் நடுவில் ஒரு பள்ளம். அதைத் தாண்டியதும் மறுபடி குதித்து எழுந்து ஏழாயிரம் வரை பாய்கிறது. இந்தக் காரை ஓட்டியவர்கள் எல்லோருக்கும் அந்தப் பள்ளம் தெரியும். கெந்திங் மலையில் மூன்றாவது கியரில் ஒரு வளைவை விட்டு வெளியே வந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது, கார் ஒரு கணம் யோசிக்கிற மாதிரி இருக்கும். அந்த இடம்தான்.

டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கி 2012இல் விற்பனைக்கு விட்ட கார் இது. சுபாரு கடையில் இதற்கு பிஆர்இசட் என்று பெயர். எஞ்சின் எஃப்ஏ20, 1,998 சிசி. சிலிண்டரின் குறுக்களவு 86 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 86 மில்லிமீட்டர். 200 குதிரைத்திறன் 7,000 ஆர்பிஎம்மில் வருகிறது. 205 நியூட்டன் மீட்டர் டார்க் 6,400க்கு மேல்தான் உச்சத்தைத் தொடுகிறது. அமுக்க விகிதம் 12.5க்கு 1. தலைமைப் பொறியாளர் டாடா டெட்சுயா டர்போ வேண்டாம் என்று உறுதியாக நின்றார். அதற்காகவே அவரைக் கும்பிடலாம். டர்போ இருந்தால் எஞ்சின் காற்றை அடித்துத் திணித்துக்கொள்ளும். டர்போ இல்லாத எஞ்சின் தானாகத்தான் மூச்சு விட்டாக வேண்டும். அதனால்தான் இதில் குழாயின் நீளத்தில் கை வைத்தால் எஞ்சினின் குணமே மாறுகிறது.

எனக்கு மயிர்க்கூச்செறிகிற பகுதி இதுதான், கொஞ்சம் நின்று கேளுங்கள். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் வெளியே பாய்வது புகை மட்டுமல்ல. ஓர் அழுத்த அலையும் கிளம்புகிறது. சாதாரணக் காற்றில் ஒலி வினாடிக்கு 340 மீட்டர் போகும். இந்தக் குழாய்க்குள் இருப்பது எழுநூறு பாகைச் சூட்டில் கொதிக்கிற வாயு, அதில் ஏறத்தாழ 600 மீட்டர் வேகம் எடுக்கிறது. அலை குழாயின் முடிவுக்குப் போய், குழாய்கள் கூடுகிற அகலமான இடத்தை எட்டியதும், தலைகீழாகப் புரண்டு, உறிஞ்சும் அலையாகத் திரும்பி ஓடி வருகிறது. எக்ஸாஸ்ட் வால்வு மூடப்போகிற, இன்டேக் வால்வு திறக்கத் தொடங்குகிற அந்தக் குறுகிய இடைவெளியில் இரண்டு வால்வுகளும் கொஞ்சம் திறந்தே இருக்கும். அந்த நேரம் பார்த்து உறிஞ்சும் அலை வந்து சேர்ந்தால், உள்ளே மிச்சமிருக்கும் புகையை இழுத்து எறிந்துவிட்டு, புதுக்காற்றையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். பெட்ரோல் செலவில்லாமல், பம்ப் இல்லாமல், வெறும் குழாய் நீளத்தால்! நேரம் தவறினால் நேர் எதிர். அழுத்த அலை அந்தச் சமயத்தில் வந்து நின்று, எரிந்த புகையையே திரும்ப உள்ளே தள்ளிவிடும். கதவில் ஒட்டிய காகிதத்தில் கோடு சரிகிற இடத்தில் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது.

நாதஸ்வரத்தில் திமிரிக்கும் பாரிக்கும் உள்ள வேறுபாடுதான் இங்கேயும். குட்டையான திமிரி உச்சத்தில் பேசும், நீண்ட பாரி கீழே இறங்கிப் பேசும். குட்டைக் குழாய் எக்ஸ்ட்ராக்டர் எஞ்சினின் மேல் ஆர்பிஎம்மில் வேலை செய்யும், நீண்ட குழாய் கீழ் ஆர்பிஎம்மில். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அலை போய்த் திரும்ப, கிராங்க் 120 பாகை சுழலும் நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4,000 ஆர்பிஎம்மில் அது 5 மில்லி வினாடி. 600 மீட்டர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் அலை 3 மீட்டர் ஓடும். போக ஒன்றரை, வர ஒன்றரை. ஆக, குழாய் நீளம் ஒன்றரை மீட்டர். அதே கணக்கை 7,000 ஆர்பிஎம்முக்குப் போட்டால் நீளம் ஏறத்தாழ 86 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. இந்தக் காருக்கு அடியில் ஒன்றரை மீட்டர் குழாய் நான்கை எங்கே சுருட்டி வைப்பது? முடியாது. அதனால்தான் ஃபோர்-டூ-ஒன். நான்கு குழாய்கள் முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து, அந்த இரண்டும் கொஞ்சம் தூரம் தனித்தனியே ஓடி, கடைசியில் ஒன்றாகும். அலைக்குத் திரும்ப இரண்டு இடங்கள் கிடைக்கின்றன. ஒன்று அருகில், ஒன்று தூரத்தில். அதனால் நடு ஆர்பிஎம்மில் டார்க் நன்றாகப் பரந்து கிடைக்கும். ஃபோர்-டூ-ஒன்னின் தம்பி ஃபோர்-இன்டு-ஒன்னில் நான்கும் ஒரே இடத்தில் கூடும், அது உச்சியில் மட்டும் ஒரே பாய்ச்சலாகப் பாயும். ரேஸ் டிராக்கில் ஆறாயிரத்துக்குக் கீழே இறங்காமல் ஓட்டுகிறவர்களுக்கு அது. மஸ்டா தன் ஸ்கைஆக்டிவ் பெட்ரோல் எஞ்சினில் 14க்கு 1 என்ற அமுக்க விகிதத்தைத் தாங்கவைக்க, ஃபேக்டரியிலேயே நீளமான ஃபோர்-டூ-ஒன் குழாய் போட்டது. மிச்சப் புகை உள்ளே தங்கினால் சூடேறி எஞ்சின் தட்டும், அதைத் துடைத்தெடுக்கத்தான். குழாய் விற்கிறவர் பேச்சை நம்பாவிட்டாலும் மஸ்டாவின் பொறியாளர்களை நம்பலாம்.

கடையை நடத்துகிற டியூனர் அண்ணனுக்கு இந்தக் கணக்கெல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. காரின் சொந்தக்காரர் ஓர் இளம்பெண், வேலை முடிந்து நேராக ஆபீஸ் உடையிலேயே வந்திருக்கிறார். போன வாரம் டைனோவுக்கு வந்தபோது, எந்த எக்ஸ்ட்ராக்டர் வேண்டும் என்று அண்ணன் அவரிடம் கேட்கவே இல்லை. கேட்டது வேறு.

"எங்க ஓட்டுவ, தங்கச்சி?"

"வேலைக்குத்தான் அண்ணே. ஞாயித்துக்கிழமை கெந்திங். எப்பவாவது செப்பாங் டிராக்."

"அப்ப ஆறாயிரத்துல உனக்கு என்ன வேலை? நாலாயிரத்துலதான் நீ குடியிருக்க."

அவ்வளவுதான், பாதித் தேர்வு முடிந்தது. எக்ஸ்ட்ராக்டர் தேடுகிற பலர் உச்சக் குதிரைத்திறன் எத்தனை கூடும் என்றுதான் கேட்கிறார்கள். அது தப்பான கேள்வி என்று நான் அடித்துச் சொல்வேன். உச்ச எண் வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி. சாலையில் அந்தப் புள்ளியில் நாம் இருக்கிற நேரம் கண்சிமிட்டும் நேரம். கோட்டின் நடுப்பகுதி எப்படி வளைகிறது என்று பாருங்கள். காசு கொடுப்பது அதற்குத்தான்.

இனி பாக்ஸருக்கே உரிய சூட்சுமம். எஞ்சினின் வலப்பக்கம் ஒன்றும் மூன்றும், இடப்பக்கம் இரண்டும் நான்கும். வெடிக்கும் வரிசை 1-3-2-4. மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். வலம், வலம், இடம், இடம். ஒரே பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் அடுத்தடுத்து வெடிக்கின்றன. ஒரு பக்கத்துக் குழாய்கள் இரண்டையும் அங்கேயே சேர்த்துவிட்டால், முதல் துடிப்பின் காலை இரண்டாவது துடிப்பு மிதிக்கும். பிறகு அந்தக் குழாயில் நீண்ட நேரம் ஒன்றுமே இராது. ஒன்றுக்கொன்று ஒரு முழுச் சுற்று தள்ளி வெடிக்கும் சிலிண்டர்களைத்தான் ஜோடி சேர்க்க வேண்டும். ஒன்றோடு இரண்டு, மூன்றோடு நான்கு. அதாவது முன்வரிசையின் வலமும் இடமும் ஒரு ஜோடி, பின்வரிசையின் வலமும் இடமும் ஒரு ஜோடி. வலப்பக்கத்துக் குழாய் எஞ்சினுக்கு அடியில் குறுக்கே புகுந்து இடப்பக்கத்துத் துணையைத் தேடிப் போக வேண்டும். எல்லாக் குழாய்களும் ஒரே நீளமாகவும் இருக்க வேண்டும், எண்ணெய்த் தொட்டியையும் தொடக்கூடாது, ஸ்டீயரிங் ராக்கையும் சுடக்கூடாது, தரையிலும் உரசக்கூடாது. அந்த ஒரு சாண் இடத்துக்குள் இத்தனையையும் முடித்த வளைவுகளைப் பார்க்கும்போது எனக்குக் கைதட்டத் தோன்றுகிறது.

குறுக்கே கடத்தும் இந்த வித்தையைப் பழைய ரேஸ் கார்களில் இன்னும் பிரமாதமாகப் பார்க்கலாம். அறுபதுகளின் ஃபோர்ட் ஜிடி40 காரின் பின்கதவைத் திறந்தால், வி8 எஞ்சினுக்குப் பின்னே வெள்ளைக் குழாய்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பின்னிக் கிடக்கும். பாம்புக் கொத்து என்றே அதற்குப் பட்டப்பெயர். அழகுக்காகச் செய்ததல்ல. வி8இலும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வெடிக்கிற தொல்லை உண்டு. ஒரு பக்கத்துக் குழாயை அடுத்த பக்கம் கொண்டுபோனால்தான் துடிப்புகள் சம இடைவெளியில் வந்து சேரும். அப்போது அந்தப் பெரிய எஞ்சின் உறுமாது, வீறிட்டுக் கத்தும்.

போன வாரம் சத்தம் என்று பேச்செடுத்ததும் கடையில் சண்டை வந்துவிட்டது. கடைக்கு அரட்டையடிக்க வந்த ஒரு தம்பி பழைய சுபாரு இம்பிரெஸா வைத்திருக்கிறார். டுபுடுபு என்று குமுறும் அந்த உறுமலுக்காக உயிரையும் கொடுப்பார். அந்த உறுமலுக்குக் காரணமே சமமில்லாத குழாய்கள்தான். ஒரு பக்கத்துக் குழாய் நீளம், மறுபக்கம் குட்டை, அதனால் துடிப்புகள் ஒரே தாளத்தில் வந்து சேராமல் நொண்டி நொண்டி வருகின்றன. ஜப்பானில் 2003இல் வந்த லெகஸியில் சுபாருவே சம நீளக் குழாய்க்கு மாறியபோது அந்தக் குமுறல் போய்விட்டது. ரசிகர்களுக்கு இன்றும் மனசு ஆறவில்லை. 86க்கு இரண்டு வகையும் கிடைக்கிறது. ஜப்பானின் டோமேய் ஒரே காருக்குச் சம நீளம் ஒன்று, சமமில்லாத நீளம் ஒன்று என்று இரண்டையும் விற்கிறது. நம் தம்பி சமமில்லாததைத்தான் போட வேண்டும் என்று பெண்ணிடம் மன்றாடினார். நான் சம நீளக் கட்சி. ஏழாயிரத்தை நெருங்கும்போது சம நீளக் குழாய் தருகிற அந்தத் தெளிவான, கிழியாத குரலுக்கு ஈடு எனக்கு எதுவும் இல்லை. டார்க் கணக்கும் என் பக்கம்தான். பெண் இருவர் பேச்சையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, எதுவா இருந்தாலும் சத்தம் ரொம்பக் கூடக்கூடாது. அப்பா தூங்குவாரு" என்றார். விவாதம் முடிந்தது.

கடையின் பின்கதவைத் திறந்தால் இன்னொரு உலகம். குழாய் வளைக்கும் தவுக்கே, அதாவது முதலாளி, அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். மலாயில் நாலு வார்த்தை, கையால் நாற்பது வார்த்தை பேசுவார். அவர் மேசையில் உயிரில்லாத ஓர் எஃப்ஏ20 எஞ்சின் கூடு, இரண்டு சிலிண்டர் ஹெட், எண்ணெய்த் தொட்டி எல்லாம் அப்படியே போல்ட் போட்டு நிற்கிறது. அளவெடுக்க வாடிக்கையாளர் காரை நாள்கணக்கில் ஹாய்ஸ்ட்டில் தொங்கவிட முடியாதே. முதலில் இரும்பைத் தொடுவதில்லை. ஒன்றோடொன்று மாட்டும் பிளாஸ்டிக் துண்டுகளைக் கோத்துத் துளையிலிருந்து கூடும் இடம் வரை வழி பிடிக்கிறார். நேர்த்துண்டு, வளைவுத்துண்டு எதுவானாலும் அதன் நடுக்கோடு ஓர் அங்குலம். நான்கு வழியிலும் துண்டுகளை எண்ணினால் நீளம் தெரிந்துவிடும். ஒரு வழியில் துண்டு குறைந்தால் அங்கே இன்னொரு வளைவு சேர்க்க வேண்டும். சேர்த்தால் பக்கத்துக் குழாயில் இடிக்கும், அதை நகர்த்த வேண்டும், நகர்த்தினால் ஸ்பேனர் நுழைய இடமில்லாமல் போகும். குழாய்க்கு வழி கிடைத்தால் மட்டும் போதாது, நட்டை முடுக்கக் கைக்கும் வழி வேண்டும். இந்தக் காரின் குழாய்க்கு வழி பிடித்த அன்று தவுக்கே ஒரு வளைவைக் கழற்றி, அரை விரல் திருப்பி, மறுபடி மாட்டி, தள்ளி நின்று பார்த்தார். நானும் கூடவே தள்ளி நின்று பார்த்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. அது சரியாக உட்கார்ந்துவிட்டது!

வழி உறுதியானதும் 304 ஸ்டெயின்லெஸ் குழாய். உள்ளே தாங்குதண்டு விட்டு வளைத்ததுதான் வேண்டும். வெறுமனே மடக்கினால் வளைவில் குழாய் நசுங்கி வாய் சிறுக்கும். வெட்டி, ஒட்டுப்போட்டு நிறுத்தி, பிறகு டிக் வெல்டிங். வெல்டிங் வெளியே நடக்கும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயு ஓடிக்கொண்டே இருக்கிறது. இல்லாவிட்டால் தையலின் உள்பக்கம் காற்றுப் பட்டுக் கருகிப் பொரிந்துவிடும். வெளியே மின்னும் தையலைக் காட்டி விற்கிற எக்ஸ்ட்ராக்டர்களை வாங்கப் போகிறவர்களே, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உள்பக்கம் வழவழவென்று இருந்தால் செய்தவர் நாணயமானவர். அடுத்து, நான்கு குழாய்களும் கூடுகிற இடத்தின் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். அங்கே கூரான முனையாக மூடியிருக்கிறதா, இல்லை மொட்டையாகப் பள்ளம் விட்டிருக்கிறதா? விலை மலிவு, விலை அதிகம் என்கிற வேறுபாட்டில் பாதி அந்த ஒரு முனையில் இருக்கிறது.

குழாய் பெரிதாக இருந்தால் நல்லது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. 42 மில்லிமீட்டர் போதுமான எஞ்சினுக்கு 48 போட்டால் புகையின் வேகம் குறையும், அலை சோரும், கீழ் ஆர்பிஎம்மில் கார் செத்துப்போகும். டர்போவோ சூப்பர்சார்ஜரோ பின்னால் போடப்போகிறீர்கள் என்றால் பேச்சு வேறு. இல்லையென்றால் சிறியதன் பக்கம் சாயுங்கள்.

உலோகம் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 304 ஸ்டெயின்லெஸ் சூட்டில் நன்றாகவே நீளும். ஒரு மீட்டர் குழாய் 600 பாகை சூடேறினால் 10 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஆனால் அது பிடித்திருக்கும் சிலிண்டர் ஹெட் தண்ணீரால் குளிர்ந்து கிடக்கிற அலுமினியம், அது அவ்வளவு நகராது. ஒரு முனை நகராமல், மறுமுனை தள்ளிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? தையலில் விரிசல். அதனால்தான் நல்ல எக்ஸ்ட்ராக்டரில் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் மூட்டு இருக்கும், அல்லது அதற்கு அடுத்து வளையும் பெல்லோஸ் இருக்கும். 304ஐவிடச் சூடு தாங்க 321 ஸ்டெயின்லெஸ் உண்டு, அதில் டைட்டானியம் கலந்திருப்பதால் சூட்டில் தையலோரம் பலவீனமாவதில்லை. ஃபார்முலா ஒன் கார்களில் இன்கோனெல். தினம் வேலைக்குப் போகிற காருக்கு 304 தாராளம். எக்ஸ்ட்ராக்டரைச் சுற்றித் துணி நாடா கட்டுவதைப் பலர் ஸ்டைல் என்று நினைக்கிறார்கள். நம் ஊர் மழைக்கு அது நீரைக் குடித்து வைத்துக்கொண்டு குழாயை அரிக்கும். எண்ணெய்த் தொட்டிக்கு அருகே சூட்டைக் குறைக்க வேண்டுமென்றால் செராமிக் பூச்சும் ஒரு தகடும் போதும்.

புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பற்றிப் பேச்சை நீட்டப் போவதில்லை. இந்தக் காரில் முதல் கன்வர்ட்டர் ஃபேக்டரி எக்ஸ்ட்ராக்டரிலேயே இருக்கிறது, அதற்குப் பின்னால் குழாயில் இரண்டாவது. கழற்றி எறிந்துவிடுங்கள், இன்னும் நாலு குதிரை கூடும் என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சாலையில் ஓடும் காரில் அதை எடுப்பது சட்டப்படியும் தப்பு, பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரரின் நுரையீரலுக்கும் துரோகம். எச்கேஎஸ் போன்ற கம்பெனிகள் கன்வர்ட்டரோடு சேர்த்தே 86க்கு எக்ஸ்ட்ராக்டர் செய்கின்றன. இன்று போடப்போவதிலும் சதுர அங்குலத்துக்கு 200 கண்கள் கொண்ட உலோகக் கன்வர்ட்டர் வைத்திருக்கிறார் தவுக்கே. புகை தாராளமாக ஓடும், நாற்றமும் வராது.

இப்போது துண்டை விலக்குகிறேன். பாருங்கள்! சம நீளம், ஃபோர்-டூ-ஒன், நான்கு குழாயும் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு வளைந்து, எந்த இடத்திலும் அவசரமில்லாமல் கூடுகின்றன. இன்னும் சூடு படாததால் வெள்ளி நிறம். காரில் இன்னும் இருக்கும் பழையதை நிமிர்ந்து பார்த்தால் கன்வர்ட்டரின் வீங்கிய வயிறுதான் முதலில் தெரிகிறது.

கழற்றுவதுதான் பயமான வேலை. வருஷக்கணக்காகச் சூட்டில் வெந்த நட்டை அவசரப்பட்டுத் திருப்பினால் ஸ்டட் முறிந்து ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். அண்ணன் சாயங்காலமே ஊடுருவும் எண்ணெய் அடித்து வைத்திருந்தார். எல்லாம் பத்திரமாக வந்தது. காஸ்கெட் புதியது, துளையின் விளிம்பை மறைக்காத அளவா என்று கையில் பிடித்துப் பார்த்துத்தான் போட்டார். ஆக்ஸிஜன் சென்சாரை நான்கு சிலிண்டர் புகையும் கலந்த இடத்தில், நீர் தேங்காத கோணத்தில் முடுக்கினார். அந்தச் சென்சார் ஒரு குழாயின் புகையை மட்டும் முகர்ந்தால் கம்ப்யூட்டர் மற்ற மூன்றுக்கும் தப்பாகப் பெட்ரோல் அளக்கும்.

பிறகு டைனோ. பெல்ட் போட்டுக் கட்டி, முன்னால் ராட்சத விசிறி, நான்காவது கியர். முதல் ஓட்டம் பழைய கம்ப்யூட்டர் அமைப்போடே. பள்ளம் மேலேறியிருக்கிறது, ஆனால் போகவில்லை. எனக்கு அங்கேயே ஆட வேண்டும்போல் இருந்தது, அண்ணனோ தலையை ஆட்டினார். எஃப்ஏ20இல் இன்டேக் கேம், எக்ஸாஸ்ட் கேம் இரண்டின் நேரத்தையும் கம்ப்யூட்டர் மாற்ற முடியும். பழைய அமைப்பு பழைய குழாயின் அலைக்குத் தகுந்தபடி எழுதியது. புதுக் குழாயின் அலை வேறு நேரத்தில் வருகிறது. அந்த அலை வரும் நேரத்துக்கு வால்வுகள் திறந்திருக்கும்படி 3,000க்கும் 5,000க்கும் நடுவில் கேம் எண்களை ஒவ்வொரு கட்டமாக மாற்றினார், பெட்ரோல் அளவைச் சரி செய்தார், இக்னிஷனைத் தொட்டார். மறுபடி ஓட்டம். மறுபடி எண்கள். எக்ஸ்ட்ராக்டருக்குக் காசு வைத்துவிட்டு டியூனிங்குக்குக் காசு வைக்காதவர்கள் பாதி எக்ஸ்ட்ராக்டரைத்தான் வாங்குகிறார்கள்.

கடைசி ஓட்டத்தின் கோடு திரையில் வரையப்படும்போது யாரும் பேசவில்லை. மூவாயிரம். மூவாயிரத்து ஐந்நூறு. கோடு சரியவில்லை. நாலாயிரத்தில் லேசான ஒரு தொய்வு, அவ்வளவுதான், அப்படியே ஏறிப் போகிறது. ஏழாயிரத்தில் உச்ச எண் கொஞ்சம்தான் கூடியிருந்தது. யாருமே அதைக் கவனிக்கவில்லை! பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். இம்பிரெஸா தம்பிகூட விசில் அடித்துவிட்டார்.

காரை மறுபடி தூக்கினால் குழாய்களின் நிறம் மாறியிருக்கிறது. ஹெட்டுக்குப் பக்கத்தில் தங்கம், வளைவில் ஊதா, கூடும் இடத்தில் நீலம். நான்கு குழாயிலும் நிறம் ஒரே மாதிரி வந்திருக்கிறதா என்று அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். எல்லாம் ஒன்று போலவே. ஆறவிட்டு, நட்டுகளை இன்னொரு முறை முடுக்கிவிட்டு, பெண்ணிடம் சாவியைக் கொடுத்தார். இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வா, மறுபடி முடுக்க வேண்டும், நடுவில் டிக்டிக் என்று சத்தம் கேட்டால் உடனே வா, காஸ்கெட்டில் கசிவு என்று அர்த்தம். வேகத்தடையில் ஏறும்போது கோணலாக ஏறு, காரில் இப்போது மிகத் தாழ்ந்த பொருள் எக்ஸ்ட்ராக்டர்தான் என்றார்.

வாசலில் அடுத்த கார் காத்திருக்கிறது, புதிய ஜிஆர்86. எஞ்சின் 2.4 லிட்டராகிவிட்டது, சிலிண்டர் குறுக்களவு 94 மில்லிமீட்டர், 250 நியூட்டன் மீட்டர் டார்க் 3,700 ஆர்பிஎம்மிலேயே உச்சம் தொடுகிறது. பழைய காரில் பள்ளம் இருந்த இடத்திலேயே இதில் மலையை வைத்துவிட்டார்கள். அதன் சொந்தக்காரர் உள்ளே வந்ததும் கதவில் இருந்த புது வரைபடத்தைக் காட்டி, "அண்ணே, இதே எக்ஸ்ட்ராக்டர் எனக்கும் ஒண்ணு" என்றார். அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டு சொன்னார்: "முதல்ல உன் காரை ஒரு ரன் போட்டுப் பாப்போம், தம்பி. இதுக்கு வேற நீளம்."